பதினெட்டு நிமிடத்துக்கு ஓர் அழுகை

குழந்தை என்ன சாப்பிட்டது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் எங்களை ஆறு பேர் கேட்டார்கள். காரை வாசலில் நிறுத்தவிடாத செக்யூரிட்டி கேட்டார். பெயர் பதிந்துகொண்டவர் கேட்டார். எடை பார்த்த நர்ஸ், சின்ன டாக்டர், சொட்டு மருந்து கொண்டுவந்த இன்னொரு நர்ஸ், பக்கத்துக் கட்டிலில் கை முறிந்த மகனை வைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என்று எல்லோரும் கேட்டார்கள். குழந்தை எப்படி அழுகிறது என்று கேட்டவர் ஏழாவதாக வந்தார். அதற்குள் நான்கு மணி நேரம் போயிருந்தது.

நடந்து மூன்று மாதம் ஆகியும் நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. டாக்டர்கள் மேல் மட்டும் இல்லை. கேட்ட ஆறு பேருக்கும் எங்கள் வீட்டு ஆட்கள் ஒரே பதிலைச் சொன்னார்களே, அதுதான் பெரிய ஆத்திரம். பொங்கல். சர்க்கரைப் பொங்கல். அதை ஊட்டியவன் நான்.

நான் கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன். நூல் எத்தனை இடத்தில் அறுகிறது, எங்கே முடிச்சு விழுகிறது, சாயம் எந்த இடத்தில் வெளிறுகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் முப்பத்துநான்கு வருட வேலை. வேலை போன பிறகும் எண்ணுவது போகவில்லை. மனைவி காலமானபின் புனேக்கு, ஔந்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே எண்ணுவதற்கு நூல் இல்லை. அதனால் குக்கர் விசிலை எண்ணுகிறேன். லிஃப்ட் நிற்கும் மாடிகளை எண்ணுகிறேன். மருமகன் ஒரு நாளில் எத்தனை முறை "ஒரு நிமிஷம் மாமா" என்கிறார் என்று எண்ணுகிறேன். மகளும் மருமகனும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். என் எண்ணிக்கை அவர்களுக்கு ஃபேன் சத்தம் மாதிரி. ஓடிக்கொண்டே இருக்கும், யாரும் கேட்கமாட்டார்கள்.

பேத்திக்கு அப்போது ஏழாம் மாதம். சனிக்கிழமை வீட்டிலேயே சோறூட்டு வைத்தோம். எங்கள் பக்கத்தில் முதல் வாய் தாய்மாமன் ஊட்டவேண்டும். எனக்கு மகன் கிடையாது. ஆகவே அந்த இடத்தில் அப்புச்சியாகிய, அதாவது அம்மா வழித் தாத்தாவாகிய நானே உட்கார்ந்து ஊட்டுவது என்று மகள் முடிவு செய்தாள். இது என் சம்பந்திக்குப் பிடிக்கவில்லை. சம்பந்தி என்றால் மருமகனின் அப்பா. வேலூர்ப் பக்கத்திலிருந்து வெகுகாலத்துக்கு முன்பே புனேயை ஒட்டிய சிஞ்ச்வட்டுக்கு வந்து, மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, அங்கேயே ஃப்ளாட் வாங்கி உட்கார்ந்துவிட்டவர். பேச்சில் பாதி இந்தி, கால் மராத்தி, மீதிதான் தமிழ்.

"தாத்தான்னா அப்பா வழி தாத்தாதானே சம்மந்தி ஃபர்ஸ்ட்டு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சிரித்துக்கொண்டு கேட்கப்படும் கேள்விகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

நான் ஊட்டியது மூன்று முறை. வெள்ளிக் கரண்டியின் நுனியில், கூழாகக் குழைத்து. முதலாவதைத் துப்பினாள், மற்ற இரண்டையும் விழுங்கினாள். பிறகு சம்பந்தி இரண்டு முறை ஊட்டினார். அதில் முந்திரித் துணுக்கு இருந்ததா இல்லையா என்பது இன்றுவரை தீராத வழக்கு. அன்று இரவு குழந்தை நன்றாகத் தூங்கினாள். இரண்டு தடவை பாலுக்கு எழுந்தாள், குடித்தாள், மறுபடி தூங்கினாள். காலையில் என் மடியில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கினாள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பொங்கலுக்கும் அழுகைக்கும் நடுவில் ஒரு முழு இரவு இருந்தது. அந்த இரவைத்தான் எங்கள் வீட்டார் ஆஸ்பத்திரியில் தொலைத்துவிட்டார்கள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மேல் திடீரென்று வீறிட்டாள். அது பசி அழுகை இல்லை. பசி அழுகை சிணுங்கலில் தொடங்கி மெல்ல ஏறும். இது ஏறவே இல்லை, தொடக்கத்திலேயே உச்சியில் நின்றது. முழங்கால் இரண்டையும் வயிற்றோடு இழுத்துக்கொண்டாள். முகம் சிவக்கவில்லை, வெளிறியது. இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு சுவிட்சை அணைத்த மாதிரி நின்றுவிட்டது. மகளின் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"வயித்துல கேஸ்," என்றார் சம்பந்தி. முதல் நாள் விசேஷத்துக்கு வந்தவர் எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். "நெய் சேரல. நான் அப்பவே சொன்னேன்."

அவர் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கிண்ணம் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஓம வாட்டர் கொடுத்தோம். கொடுத்த கொஞ்ச நேரத்தில் மறுபடி வீறிட்டாள். மறுபடி நின்றது. மூன்றாவது முறை வீறிட்டபோது நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நான்காவது முறையும் பார்த்தேன். இடைவெளி பதினெட்டு நிமிடம். அடுத்ததும் பதினெட்டு. அந்த இடைவெளியில் குழந்தைக்கு ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. என்ன, காலையில் கண்ணாடியைப் பிடுங்கியவள் இப்போது கண்ணாடியை மூக்குக்கு நேரே நீட்டினாலும் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். குடித்த பாலையும் கக்கினாள்.

"கண்ணு, வலி விட்டு விட்டு வருது. பதினெட்டு நிமிஷத்துக்கு ஒருக்கா," என்றேன் மகளிடம்.

"ஏனுங்கப்பா, இதையுமா எண்ணுவீங்க?" என்றாள். சொல்லிவிட்டுத் தானே அழ ஆரம்பித்தாள்.

பத்தரை மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்தோம். மழை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் குழந்தை டாக்டர்கள் யாரும் அவரவர் கிளினிக்கில் இல்லை, எல்லாக் குழந்தைகளும் இங்கே இருந்தன. அவசரப் பிரிவில் திரை போட்ட பத்துக் கட்டில்கள். அதில் ஏழில் குழந்தைகள். எங்களுக்கு ஏழாவது.

அந்தச் சின்ன டாக்டரை நான் குறை சொல்லக்கூடாது. இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். காலில் ரப்பர் செருப்பு, கண்ணில் தூக்கம். நல்ல பையன். ஆனால் அவர் வந்த நேரம் சரியில்லை. குழந்தை ஒரு தடவை வீறிட்டு அடங்கி, அப்போதுதான் தூங்கியிருந்தாள். வயிற்றை அழுத்திப் பார்த்தார். மெத்தென்று இருந்தது. தூங்குகிற குழந்தையின் வயிறு வேறு எப்படி இருக்கும்? ஜுரம் இல்லை. வயிற்றுப்போக்கு இல்லை. குழந்தை பாதிக் கண் திறந்து அவரைப் பார்த்து லேசாகச் சிரித்துவேறு தொலைத்தாள்.

"எப்போதிலிருந்து?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நேற்றிலிருந்து," என்றார் மருமகன். "நேற்று முதல் முதலாகத் திட உணவு கொடுத்தோம்."

"நேற்று இல்லை, இன்று காலை," என்றேன் நான்.

"நேத்து ஃபங்ஷன் சம்மந்தி," என்றார் சம்பந்தி, நான் ஃபங்ஷனையே மறந்துவிட்ட மாதிரி. பிறகு டாக்டரிடம் இந்தியில் விளக்க ஆரம்பித்தார். வெல்லம் போட்ட சோறு. நெய். முந்திரி. ஏலக்காய். கையால் அளவு காட்டினார். அவர் காட்டிய அளவு ஒரு பெரியவருக்குப் போதும். "இவங்கதான் ஊட்டினாங்க," என்று கடைசியில் என்னைக் காட்டினார். டாக்டர் என்னைப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோலத் தலையாட்டினார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"டாக்டர், மூன்று கரண்டி நுனி. அதில் ஒன்றைத் துப்பிவிட்டாள். அது விஷயமே இல்லை. அவள் விட்டு விட்டு அழுகிறாள். பதினெட்டு நிமிடத்துக்கு..."

"புது உணவு, அங்கிள். வயிறு பழகவேண்டும். சொட்டு மருந்து தருகிறேன். ஒரு மணி நேரம் பார்ப்போம். உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்."

போய்விட்டார். அவர் நான்காவது கட்டிலைத் தாண்டியபோது குழந்தை வீறிட்டாள். நான் திரையை விலக்கிக்கொண்டு ஓடினேன். எழுபத்திரண்டு வயதில் ஓடுவது என்பது மற்றவர்கள் பார்வைக்கு நடப்பதுதான். நர்ஸ் கையை நீட்டித் தடுத்தார். "தாம்பா, ஆஜோபா." பொறுங்கள் தாத்தா என்று மராத்தியில் சொல்கிறார். அன்று அந்த வார்த்தையை நான் பதினொரு முறை கேட்டேன். டாக்டரைக் கையோடு அழைத்துவருவதற்குள் அழுகை நின்றுவிட்டது. அவர் எட்டிப் பார்த்தார், தூங்குகிற குழந்தையைப் பார்த்தார், போனார். இப்படி மூன்று முறை நடந்தது. வலி வரும்போது டாக்டர் இல்லை, டாக்டர் வரும்போது வலி இல்லை. அந்த டாக்டர் தன் கண்ணால் கண்டது ஒரு சமர்த்துக் குழந்தையையும் ஒரு கத்துகிற கிழவனையும்தான்.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இப்போது நினைத்தால் அதைப் போல முட்டாள்தனம் இல்லை. அவர் எங்கள் பக்கமாக வந்தபோது வழியை மறித்துக்கொண்டேன்.

"டாக்டர், நான்கு நிமிடம் இங்கேயே நில்லுங்கள். நான்காவது நிமிடம் அழுவாள். அழவில்லை என்றால் நான் இனி வாயே திறக்கமாட்டேன்."

"அங்கிள், அங்கே ஒரு எலும்பு முறிவு காத்திருக்கிறது."

"எலும்பு நான்கு நிமிடத்தில் எங்கும் போகாது."

பக்கத்துக் கட்டில் அம்மாள் சிரித்துவிட்டார். டாக்டரும் சிரித்தார். நின்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அவர் குழந்தையைப் பார்த்தார், மகள் என்னைப் பார்த்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. குழந்தை வாயைக் குவித்துக்கொண்டு தூங்கினாள். ஐந்து. அவருடைய ஃபோன் அடித்தது.

"நீங்களும் கொஞ்சம் உட்காருங்கள், அங்கிள்," என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

"கம்முனு இருங்கப்பா," என்றாள் மகள். "இதுக்கு மேல நீங்க ஏதாச்சும் சொன்னா அவங்க நம்ம பக்கமே வரமாட்டாங்க."

"அவ அழுவா கண்ணு."

"அழணும்னு நெனைக்கிறீங்களா?"

நான் சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் தாமதமாக அழுதாள். இந்த முறை கால்களை இழுத்துக்கொண்டதோடு சரி, சத்தம் பாதிதான் வந்தது. கத்தத் தெம்பு இல்லை. அது எனக்குக் கத்தலைவிடப் பயமாக இருந்தது.

அப்போது குழந்தை சம்பந்தியின் தோளில் இருந்தாள். அழுது அடங்கியதும் அவர் சட்டைமேலேயே வாந்தி எடுத்தாள். சோறூட்டுக்கென்று எடுத்த அரைக்கை வெள்ளைச் சட்டை. முதல் நாள் போட்டதையே மாற்றுச்சட்டை இல்லாமல் போட்டு வந்திருந்தார். வாந்தி பச்சையாக இருந்தது. இளம்பச்சை, கொஞ்சம் மஞ்சள் கலந்தது. சாயத்தில் வித்தியாசம் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். எனக்குப் பச்சை தெரியும்.

அடுத்து நடந்ததை எங்கள் ஆட்கள் மட்டுமே செய்வார்கள். சுத்தம் செய்தார்கள். மகள் ஈரத்துணியால் குழந்தையின் வாயையும் கழுத்தையும் துடைத்து, கட்டிலைத் துடைத்து, கீழே தரையில் விழுந்த ஒரு சொட்டையும் துடைத்தாள். மருமகன் அந்தத் துணியை வாங்கிக்கொண்டு போய் வாஷ்பேசினில் அலசி, பிழிந்து, மடித்துக் கொண்டுவந்தார். சம்பந்தி சட்டையைக் கழுவப் பாத்ரூமுக்குப் போய்விட்டார். மற்றவர் வீட்டுக்குப் போனால் குழந்தை எதையாவது சிந்தியதும் பதறிப்போய்த் துடைப்போமே, அதே பதற்றம். ஆஸ்பத்திரிக்காரர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்! நர்ஸ் வந்து திரையை விலக்கியபோது கட்டில் மாமியார் பார்வைக்கு வைத்த அடுக்களை மாதிரி பளிச்சென்று இருந்தது.

"வாந்தியா? என்ன நிறம்?" என்று கேட்டார் நர்ஸ்.

"மஞ்சள்," என்றாள் மகள்.

"பால்தான், தயிர் மாதிரி," என்றார் மருமகன்.

"பச்சை," என்றேன் நான்.

நர்ஸ் மூவரையும் பார்த்தார். துணியைக் கேட்டார். மருமகன் மடித்த துணியை நீட்டினார். வெள்ளைவெளேரென்று இருந்தது.

"மாப்பிள்ளை, இதை எதுக்கு அலசுனீங்க?" என்று தமிழில் கேட்டேன். மருமகனிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"நாறுது மாமா," என்றார் பாவம்.

ஓட்டுக்கு விட்டால் இரண்டு பேர் பச்சை இல்லை என்கிறார்கள், ஒருவன் பச்சை என்கிறான். அந்த ஒருவன்தான் சற்று முன் தோற்றுப்போனவன். நர்ஸ் மஞ்சள் என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டு மணிக்கு டாக்டர்கள் மாறினார்கள். போகும்போது சின்ன டாக்டர் எங்கள் கட்டிலைக் காட்டி, வந்தவரிடம் இரண்டு வாக்கியம் சொன்னார். "முதல் உணவு, நெய், நேற்றிலிருந்து" என்பது என் காதில் விழுந்தது. அந்த "நேற்று" இப்போது அடுத்த டாக்டரின் கைக்கும் போய்விட்டது. நான் எழுந்தேன். மகள் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

வந்தவர் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். உள்ளே வந்ததும் குழந்தையைத் தொடவில்லை, எங்களோடு பேசவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். குழந்தையைப் பார்த்தார். அதன் உதட்டை, கண்ணை, கால் கிடக்கும் விதத்தை. இப்படிப் பார்க்கிறவர்களை நான் மில்லோடு விட்டுவிட்டு வந்தேன். பிறகு அவர் கண் நிமிர்ந்து சம்பந்தியின் மேல் போயிற்று. சம்பந்தி ஃபேனுக்குக் கீழே தோளைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவர் எந்த வேலையையும் முழுசாகச் செய்கிறவர் இல்லை. சட்டை காய்ந்திருந்தது, கறை போகவில்லை.

"இது என்ன பச்சை?" என்று இந்தியில் கேட்டார் டாக்டரம்மா.

"இதா மேடம்? பாப்பா வாந்தி. ஸாரி மேடம், தண்ணி வெச்சுக் கழுவினேன், போவல," என்று தமிழும் இந்தியுமாக மன்னிப்புக் கேட்டார் சம்பந்தி.

டாக்டரம்மா குனிந்து அவர் தோளைப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார். "என்ன சாப்பிட்டாள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அதை விடுங்கள். எப்படி அழுகிறாள்? யார் சொல்கிறீர்கள்?"

மகள் என்னைப் பார்த்தாள்.

நான் சொன்னேன். காலை ஒன்பதுக்குமேல் தொடங்கியது, இரவு நன்றாகத் தூங்கினாள், முதலில் பதினெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை, இரண்டு தடவை இருபது, கடைசி மூன்றும் பன்னிரண்டு, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம், கால் வயிற்றோடு வரும், முகம் வெளுக்கும், நடுவில் விளையாடுவதில்லை, காலையிலிருந்து ஒரே ஒரு தடவைதான் மலம் போனாள். அவர் குறுக்கே பேசவே இல்லை. அன்று நான் தொடங்கி முடித்த முதல் வாக்கியம் அதுதான்.

"அடுத்தது எப்போது?"

ஏற்கெனவே ஒரு தடவை சொல்லித் தோற்றவன். "இன்னும் மூன்று நிமிடம். ஒன்றிரண்டு முன்னே பின்னே ஆகலாம்," என்றேன். முன்னே பின்னே என்று நான் ஒரு எண்ணைச் சொன்னது என் வாழ்நாளில் மிகக் குறைவு.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குழந்தையை மகளின் மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். ஒரு கையைக் குழந்தையின் வயிற்றில் வைத்தார், அழுத்தவில்லை, வைத்தார். பிறகு காத்திருந்தார். வெளியே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "தாம்பா," என்றார் திரும்பாமலே. அந்த வார்த்தையை எங்கள் பக்கத்துக்காக ஒருவர் சொன்னது அது ஒரு முறைதான்.

ஐந்தாவது நிமிடம் குழந்தையின் கால் மடங்கியது. முனகினாள். டாக்டரம்மாவின் கை அசையவில்லை. விரல்கள் மட்டும் வலப்பக்கம் விலா எலும்புக்குக் கீழே மெல்ல நகர்ந்து ஓரிடத்தில் நின்றன. முனகல் அடங்கும்வரை அங்கேயே இருந்தன. பிறகு டயப்பரை விலக்கிப் பார்த்தார். அதில் சிவப்பும் சளியுமாக ஒரு பொட்டு. அரை மணிக்கு முன் அது இல்லை, நான் பார்த்திருந்தேன்.

எழுந்தார். அதன்பின் எல்லாமே வேகமாக நடந்தது. வாய்வழியாக ஒரு சொட்டுகூடக் கொடுக்கக்கூடாது என்றார். நர்ஸ் வந்து ஊசி ஏற்றி டிரிப் போட்டார். ஆபரேஷன் டாக்டருக்கும் ஸ்கேன் டாக்டருக்கும் ஃபோன் போயிற்று. ஸ்கேன் டாக்டர் ஊருக்கு வெளியே, வெகுதூரம் தள்ளித் தளேகாவிலிருந்து வரவேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை, மழை, தளேகாவ். எனக்கு மறுபடி பல்லைக் கடிக்கத் தோன்றியது.

"குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் போய் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்," என்றார் டாக்டரம்மா. மருமகனுக்குப் புரியவில்லை. உடனே அவர் சம்பந்தியின் சட்டைக் கையைப் பிடித்து, விளிம்பை உள்பக்கமாக மடித்துத் தள்ளிக் காட்டினார். "இப்படி. குடல் தன்னாலேயே அலை அலையாக அசையும். ஒவ்வொரு அசைவிலும் இது இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். அப்போதுதான் வலி. அசைவு நின்றால் வலி நிற்கும். அதனால்தான் நடுவில் தூங்குகிறாள். ரொம்ப நேரம் விட்டால் மாட்டிய பகுதிக்கு ரத்தம் போகாது."

"விட்டால்?" என்றாள் மகள்.

"விடப்போவதில்லை," என்றார்.

சம்பந்தி சட்டைக் கையை அப்படியே, மடிந்தபடியே விட்டுக்கொண்டு நின்றார். இழுத்துவிட அவருக்குப் பயமாக இருந்திருக்கும். எனக்கும் அதை யாராவது நேராக்கிவிட்டால் தேவலை என்றிருந்தது.

ஸ்கேன் டாக்டர் வந்தார். படத்தில் வட்டத்துக்குள் வட்டமாக இருந்தது என்று மருமகன் வெளியே வந்து சொன்னார். எக்ஸ்ரே அறையில் வைத்து, பின்வழியாகக் காற்றைச் செலுத்திக் குடலைப் பின்னுக்குத் தள்ளிப் பார்ப்பார்கள். மூன்று முறை முயல்வார்கள். வராவிட்டால் ஆபரேஷன். மகளை மட்டும் கூட விட்டார்கள்.

நானும் சம்பந்தியும் வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். மருமகன் நின்றுகொண்டிருந்தார்.

"சம்மந்தி," என்றார் அவர் என் பக்கம் திரும்பி. "முந்திரி இருந்துச்சு. சின்னதா. எடுத்துப் போட்டுட்டுத்தான் ஊட்டினேன். கசம் சே, சத்தியமா."

"முந்திரிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க."

"நெசமாவா?"

"எனக்குத் தெரியாது. அந்தம்மாவைக் கேக்கலாம்."

மூடிய கதவைப் பார்த்தார். "எவ்ளோ நேரம் ஆச்சு உள்ள போயி?"

"கையில வாட்ச் கட்டியிருக்கீங்கல்ல?"

"கட்டியிருக்கேன். பாக்க முடியல," என்றார்.

சொன்னேன். பிறகும் கேட்டார். பிறகும் சொன்னேன். அந்த மனிதர் கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

இரண்டாவது முயற்சியில் வந்துவிட்டது. கதவைத் திறந்துகொண்டு மகள் வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. டாக்டரம்மா பின்னால் வந்து, ஒரு நாள் இங்கேயே இருக்கட்டும், சில குழந்தைகளுக்குத் திரும்ப வருவதுண்டு, விட்டு விட்டு அழுதால் உடனே சொல்லுங்கள் என்றார். சம்பந்தி முந்திரியைப் பற்றிக் கேட்டார். பொங்கலுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். இந்த வயதில் பல சமயம் காரணமே தெரியாது, சளி பிடித்த பிறகுகூட வரலாம் என்றார். கடைசியில் சம்பந்தியின் தோளைக் காட்டிச் சிரித்தார். "நல்ல வேளை, நீங்கள் சரியாகத் துவைக்கவில்லை."

அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்தக் கதை சட்டையின் கதையாகிவிட்டது. சம்பந்தி அதைத் துவைக்காமல் சிஞ்ச்வட்டுக்குக் கொண்டுபோய், அவர்கள் அடுக்குமாடி சொசைட்டியில் உள்ளவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறார். "டாக்டர் கண்டுபிடிக்கல, என் ஷர்ட்டு கண்டுபிடிச்சுது," என்று ஃபோனில் அவர் சொல்வதை நானே கேட்டேன். ஐந்து மணி நேரம் கடிகாரத்தையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தவன் அந்தக் கதையில் வருவதே இல்லை. வருகிறவன் வேறு இடத்தில் வருகிறான். ஊரிலிருந்து நலம் விசாரித்துப் பதினான்கு ஃபோன் வந்தது. அதில் ஒன்பதில், "பொங்கல் ஊட்டுனீங்களாமே, ஏழு மாசக் கொழந்தைக்கு அது ஆவுங்களா?" என்று கேட்டார்கள். டாக்டர் சொன்னதை ஒன்பது பேருக்கும் சொன்னேன். ஒன்பது பேரும் சரி சரி என்றார்கள். நம்பவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் எனக்கு வேறு வேலையே இல்லாமல் போயிற்று. குழந்தை அழும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்தேன். மகள் சமையலறையிலிருந்து எட்டி என் முகத்தைப் பார்ப்பாள். கம்முனு இருங்க என்று சொல்லவில்லை. நாற்பது நிமிடத்தில் ஒன்று. பிறகு இரண்டரை மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஏழு நிமிடத்தில் ஒன்று, அது என் கண்ணாடியைக் கொடுக்காததற்காக. கொடுத்தேன், நின்றது. பிறகு தூங்கி எழுந்து, பாலுக்கு ஒன்று. பால் வந்த பிறகும், அது தாமதமாக வந்ததற்காக இன்னொன்று.

இரண்டு நாள் பார்த்தேன். எந்தக் கணக்கிலும் வரவில்லை.